மட்டமும் வாட்டமும்

மாரிமழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதிலே யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றின் வழியே நடந்து பாருங்கள். ஒரு வளவில் முற்றத்து மணல் ஈரமுலர்ந்து கிடக்கும். அதற்கு அடுத்த வளவிலோ வெள்ளம் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு வளவுகளும் கண்ணுக்கு ஒரே தரையாகவே தோன்றுகின்றன. இரண்டு வீடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டப்பட்டவையாகவும் இருக்கலாம். ஒருவரை உறங்க விட்டு மற்றவரை இரவு முழுவதும் வாளியோடு நிற்க வைத்தது என்ன என்று அளந்து பார்த்தால், பெரும்பாலும் அது அரையடிக்குக் குறைந்த உயர வேறுபாடாகவே இருக்கும்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த அரையடியைப் பற்றியது. அதனை அளந்து காட்டுகின்ற ஒரு கருவியைப் பற்றியது. சுழலும் லேசர் மட்டக்கருவி என்று அதற்குப் பெயர். கட்டட வேலைத்தலங்களில் மஞ்சள் நிறத்திலோ சிவப்பு நிறத்திலோ ஒரு சிறு பெட்டி முக்காலியின் மேல் அமர்ந்திருக்கக் கண்டிருப்பீர்கள். அதனைப் புகைப்படக் கருவி என்று எண்ணி, அதன் முன்னே நின்று தலைவாரிக்கொண்ட ஒருவரையும் நான் கண்டதுண்டு.

நமது குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறும் இல்லை. ஆறு என்று சொல்லத்தக்கது, தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி வலிகாமத்தினூடே வந்து அராலியிற் கடல்நீரேரியைச் சேர்கின்ற வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். தொண்டைமானாறு, உப்பாறு என்பன பெயரளவில் ஆறுகளேயன்றி உண்மையில் கடல்நீரேரிகள். ஆண்டு மழையின் பெரும்பகுதியும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிற் பெய்துவிடுகின்றது. அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சும் இயல்புடையதுதான். ஆயினும் நிலம் நிரம்பிய பின்னர் வருகின்ற மழைக்குத் தரையின் மேலேதான் வழி வேண்டும். மலைநாட்டில் நீருக்கு வழி காட்ட வேண்டுவதில்லை. அது தானே பாய்ந்துவிடும். இங்கே நீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தயங்கி நிற்கின்றது. அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பது அங்குலக் கணக்கான வாட்டமே.

கண்ணால் மட்டம் பார்க்க முடியாது. மதிலின் சாய்வும், தென்னையின் நிழலும், தூரத்து வேலியும் கண்ணை ஏமாற்றிவிடும். ஆகையால் நம் கொத்தர்களும் மேசன்மாரும் நெடுங்காலமாகத் தண்ணீரையே சாட்சியாகக் கொண்டனர். சிறிய தூரத்துக்கு மட்டப்பலகை போதும். பெரிய தூரத்துக்குத் தெளிவான ரியூப் ஒன்றிலே நீரை நிரப்பி, இருவர் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்வர். இரு முனைகளிலும் நீர் எந்த உயரத்தில் நிற்கின்றதோ அதுவே ஒரு மட்டம். இதனிலும் எளிய முறை உலகில் இல்லை, செலவும் சிறிது. ஆனால் ரியூப்பின் உள்ளே ஒரு காற்றுக்குமிழ் தங்கினாற் கணக்குத் தவறும். ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் கிடந்தாலும் சிறிது வேறுபடும். பெரிய வளவென்றால் ரியூப்பை இழுத்துச் செல்வதற்குள் பாதி நாள் கழிந்துவிடும்.

அடுத்து வந்தது தொலைநோக்கி பொருந்திய டம்பி மட்டக்கருவி. 1832ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே கிராவற் என்னும் பொறியியலாளர் ஆக்கிய அக்கருவியே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகமெங்கும் றோட்டுகளுக்கும் இரயிற் பாதைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் மட்டம் பார்த்தது. 1950களின் முற்பகுதியில் முடிவுற்ற தொண்டைமானாற்றுத் தடுப்பணையும், பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று வகுத்த திட்டமும் அக்கருவிகளின் காலத்தைச் சேர்ந்தவை. யானையிறவு நீரேரியின் நன்னீரை முள்ளியான் வழியாக வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவருவது அத்திட்டத்தின் சாரம். கடல் மட்டத்தோடு ஏறக்குறைய ஒத்துக் கிடக்கும் நிலத்திலே, நீரைத் தானாகவே நடக்கச் செய்வது என்றால், ஒவ்வோர் அங்குலமும் எத்துணை அருமையானது என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

டம்பி கருவிக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். அவர் தொலைநோக்கியினூடே பார்ப்பார்; மற்றொருவர் அளவுகோலைப் பிடிப்பார்; பார்த்தவர் எண்களை எழுதிக் கூட்டிக் கழிப்பார். லேசர் கருவி இந்த முறையைத் தலைகீழாக்கிவிட்டது. கருவியின் அருகில் எவரும் நிற்க வேண்டுவதில்லை. அளவுகோலைப் பிடித்திருப்பவரே மட்டத்தையும் அறிந்துகொள்கிறார்.

அது நடைபெறும் விதத்தைச் சொல்லுகிறேன். 1960ஆம் ஆண்டு முதன்முதலாக லேசர் ஒளி உண்டாக்கப்பட்டது. சாதாரண விளக்கின் ஒளி நாற்புறமும் பரவி மங்கிவிடுகின்றது. லேசர் ஒளியோ நூல் பிடித்தாற்போல நெடுந்தூரம் விரியாது செல்லும். நூல் கட்டி வேலை செய்பவர்களுக்கு இதனைவிட நல்ல நூல் கிடைக்குமா? சில ஆண்டுகளுக்குள்ளேயே அமெரிக்காவில் வயல் நிலங்களைச் சமன் செய்யவும் வடிகுழாய் பதிக்கவும் இதனைக் கையாளத் தொடங்கினர். தொடக்கத்தில் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயிலிருந்து ஒளி வந்தது. இன்று கடுகளவான ஒரு மின்னணுப் பொருளிலிருந்து வருகின்றது. ஆகையாற் கருவியும் சிறுத்தது, விலையும் இறங்கியது.

பெட்டியின் உள்ளே அந்த ஒளிக்கீற்று நேர் மேலே செல்லுகின்றது. உச்சியில் ஐந்து பக்கமுள்ள கண்ணாடிக் கட்டி ஒன்று அதனைச் செங்கோணமாகத் திருப்பி வெளியே அனுப்புகின்றது. அக்கட்டி நிமிடத்துக்கு அறுநூறு முறை என்ற அளவிலே சுழல்வதால், ஒற்றைக் கீற்று ஒரு பெரிய தட்டையான ஒளித்தளமாகிவிடுகின்றது. வேலைத்தலம் முழுவதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டை விரித்துப் பிடித்தாற்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி சிறிது சாய்வாக வைக்கப்பட்டாலும், உள்ளேயிருக்கும் ஊசலோ சிறு மோட்டார்களோ அதனைத் தாமே நேர்செய்துவிடும். சாய்வு அளவுக்கு மிஞ்சினாற் கருவி சுழல மறுத்து நின்றுவிடும்.

நமது வெயிலிலே அந்தச் சிவப்பு ஒளி தெரியாது. ஆகவே அளவுகோலில் ஓர் உணர்கருவியைப் பொருத்துகிறார்கள். அது ஒளித்தளத்துக்கு மேலேயிருந்தால் ஒருவிதமாகவும், கீழேயிருந்தால் வேறுவிதமாகவும் விட்டுவிட்டு ஒலிக்கும். சரியாகப் பொருந்தும்போது இடைவிடாது ஒலிக்கும். எழுத்தறியாதவரும் ஒரு மணி நேரத்தில் இதனைப் பழகிக்கொள்வார்.

ஒரு வீட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். அத்திவாரக் கிடங்கு வெட்டும்போது நான்கு மூலைகளிலும் ஆழம் ஒத்திருக்கிறதா என்று அளவுகோலை நாட்டி ஒலி கேட்டாற் போதும். நிலமட்டத்துக்கு மேலே அத்திவாரத்தை எழுப்பும்போதும், கொங்கிறீற் தரை போடும்போதும், மலசலகூடத்தின் குழாய்க்கு வாட்டம் கொடுக்கும்போதும் அதே ஒளித்தளமே அளவு. பெட்டியைப் பக்கவாட்டில் வைத்தால் ஒளித்தளம் செங்குத்தாகி, சுவர் எழும் கோட்டையும் காட்டும். மூலைமட்டமும் நூலும் பிடித்து ஒரு காலைப்பொழுது செய்யும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். விலைகூடிய கருவிகளில், நூற்றுக்கு ஒன்று, இருநூற்றுக்கு ஒன்று என்று நாம் வேண்டிய வாட்டத்தையே ஒளித்தளத்துக்குக் கொடுத்துவிடவும் முடியும். அப்போது வாய்க்காலின் அடித்தரை முழுவதிலும் அளவுகோலின் உயரம் மாறாதிருந்தால், வாட்டம் சரியென்பது பொருள்.

துல்லியம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நல்ல கருவி 30 மீற்றர் தூரத்தில் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற் பிழைப்பதில்லை. பூமி உருண்டையாயிருப்பதனால் உண்டாகும் வேறுபாடு கூட நூறு மீற்றர் தூரத்தில் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவே. ஆகையால் வீட்டு வளவுக்குள் அதனைப்பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை.

இவ்வளவும் கருவியின் பெருமை. இனி என் சிறுமையைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பொதுக் கட்டடத்தின் வெள்ளவாய்க்கால் வேலையை மேற்பார்வை செய்தேன். வாய்க்காலின் நீளம் 300 அடி. நிலம் அதிகம் இடந்தராமையால் அறுநூற்றுக்கு ஒன்று என்ற மிகக் குறைந்த வாட்டமே கொடுக்க முடிந்தது. அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆறங்குல இறக்கம். இரவலாக வந்த லேசர் கருவியை வாய்க்காலின் நடுப்பகுதியில் நாட்டி, இரு புறமும் மட்டம் பார்த்தோம். முளைகள் அடித்தோம், கொங்கிறீற்றும் போட்டோம். வேலை மிகவும் அழகாயிருந்தது. முதல் மழை வந்தது. நீர் மேற்கோடியிலேயே தேங்கி நின்றது.

என்னோடு வேலை செய்த முதிய மேசன் ஒருவர் வந்து சொன்னார்: "ஐயா, பெட்டி சொன்னது சரியாயிருக்கலாம். ஆனால் தண்ணி அங்காலை போகமாட்டன் எண்டு நிக்குது." எனக்குச் சினம் வந்தது. "கொங்கிறீற்றை நீங்கள்தான் மேடு பள்ளமாகப் போட்டுவிட்டீர்கள், அண்ணை" என்று கூடச் சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. தம் பழைய ரியூப்பை எடுத்துவந்து, தண்ணீர் நிரப்பி, குமிழ்களைத் தட்டி வெளியேற்றி, இடத்துக்கு இடம் மாற்றி வைத்து அளந்து காட்டினார். ஆறங்குல இறக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை அங்குலமே இருந்தது. மிகுதி நாலரை அங்குலத்தைக் கருவி தின்றுவிட்டது.

பின்னர் விசாரித்ததில், எம்மிடம் வருவதற்கு முன் அக்கருவி வாகனத்திலிருந்து விழுந்தது தெரியவந்தது. விழுந்த கருவியும் சுழன்றது, விளக்கும் எரிந்தது, ஒலியும் வந்தது. ஆனால் அது மட்டமென்று காட்டிய தளம் எண்ணூற்றுக்கு ஒன்று என்ற அளவிற் சாய்ந்திருந்தது.

இங்கே நான் செய்த தவறு கருவியைச் சோதியாமை மட்டுமன்று, அதனிலும் நுட்பமானது. டம்பி கருவியிற் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அளக்கவேண்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவிலே கருவியை நாட்டிவிட்டால், கருவியின் பிழை தானாகவே நீங்கிவிடும் என்பது பாடம். டம்பியைப் பொறுத்தவரை அது உண்மை. அதன் தொலைநோக்கி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் மேல்நோக்கியே சாய்ந்திருக்கும். சம தூரத்தில் இரு பக்கப் பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். லேசர்ப் பெட்டியின் தளமோ சாய்ந்த தட்டுப் போன்றது. ஒரு பக்கம் உயர்ந்தால் எதிர்ப்பக்கம் தாழும். நடுவிலே நின்றாற் பிழை நீங்குவதற்குப் பதிலாக இரு பக்கமும் சேர்ந்து பெருகிவிடும். பழைய கருவியின் நற்பழக்கம் புதிய கருவியில் என்னைக் கைவிட்டது.

இதற்கான சோதனை மிக எளிது. வேலை தொடங்கும் நாளிற் கால் மணி நேரம் செலவிட்டாற் போதும். ஒரு சுவரிலிருந்து நூறடி தூரத்தில் முக்காலியை உறுதியாக நாட்டி, கருவியின் ஒரு முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்து, ஒளி படுமிடத்தைச் சுவரில் பென்சிலாற் குறித்துக்கொள்ளுங்கள். முக்காலியை அசைக்காமல் பெட்டியை மட்டும் அரைவட்டம் திருப்பி, மறுபடியும் குறியுங்கள். இரண்டு குறிகளும் ஒன்றானால் அத்திசையிற் கருவி நல்லது. வேறுபட்டால், அவ்வேறுபாட்டின் பாதியே பிழை. பிறகு கால்வட்டம் திருப்பி, மற்ற இரு முகங்களுக்கும் அவ்வாறே செய்க. எம் கருவியை இவ்வாறு சோதித்தபோது இரண்டு குறிகளுக்குமிடையே மூன்று அங்குலம் இருந்தது! ஒரு பிள்ளை பார்த்திருந்தாலே பிழையென்று சொல்லியிருக்கும்.

வேறு சில எச்சரிக்கைகளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முக்காலி நடுங்கும். அக்காலத்தில் அதனைத் தாழ்வாக நாட்டுவது நன்று. வடமராட்சி கிழக்கின் மணற்பகுதிகளில் முக்காலியின் கால்கள் சிறிது சிறிதாகப் புதையும். ஆகையால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை, அசையாத ஒரு குறியிலே அளவுகோலை வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நண்பகலிற் சூடேறிய தரைக்கு அருகிலே ஒளி வளையும். நுண்ணிய வேலையைக் காலையிலே முடித்துவிடுக. ஒளிக்கீற்றை நேரே உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. பிள்ளைகள் நடமாடும் இடமாயின், கருவியை அவர்களுடைய கண்ணின் உயரத்தில் வைக்கவேண்டா.

கருவி சரியானதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. எந்த இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குவது? ஒளித்தளம் இன்னது உயரம், இன்னது தாழ்வு என்று மட்டுமே சொல்லும். வீட்டின் தரை எவ்வளவு உயரமாயிருக்க வேண்டும் என்று அது சொல்லாது. நம்மவரிற் பலர் தமது வளவின் நடுவிலே ஒரு கல்லை நாட்டி, அதிலிருந்து இரண்டடி என்று தீர்மானித்துவிடுகிறார்கள். அந்தக் கல்லே வெள்ளத்துக்குக் கீழே கிடந்தால் என்ன பயன்?

2009இற் போர் முடிந்தபின் குடாநாட்டின் பல றோட்டுகள் புதிதாக அமைக்கப்பட்டன. பழைய றோட்டின் மேலே கல்லும் தாரும் இட்டமையாற் பல இடங்களிலே புதிய றோட்டு அயல் வளவுகளைவிட உயர்ந்துவிட்டது. முன்னர் வளவிலிருந்து றோட்டுக்கு ஓடிய நீர் இப்போது றோட்டிலிருந்து வளவுக்கு ஓடுகின்றது. வேலிகளும் மாறிவிட்டன. கிடுகு வேலியும் பனைமட்டை வேலியும் ஆளை மறைத்தன, நீரை மறைக்கவில்லை. இன்றைய சீமெந்து மதில்கள் நீரையும் மறித்து நிற்கின்றன. மதில் கட்டுவோர் அடியிலே இரண்டு துவாரம் விடுவதையும் பாரமாகக் கருதுவது எனக்கு விளங்குவதில்லை.

ஆகையால், நீர் இறுதியிற் போய்ச் சேரும் இடத்திலிருந்தே மட்டத்தைத் தொடங்குங்கள். அது மதகாக இருக்கலாம், குளமாக இருக்கலாம், வெள்ளவாய்க்காலின் அடித்தரையாக இருக்கலாம். அங்கே முதலில் அளவுகோலை வைத்து, பின்னர் ஒழுங்கை, முற்றம், அயல் வளவு என்று வரிசையாகக் குறித்து வாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒழுங்கை உங்கள் முற்றத்தைவிட எட்டங்குலம் உயர்ந்திருக்கின்றது. இருநூறடி தூரத்திலுள்ள மதகின் அடித்தரை முற்றத்தைவிட மூன்றங்குலம் தாழ்ந்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். எண்ணூற்றுக்கு ஒன்று என்ற வாட்டமே கிடைக்கும். புல் முளைத்த மண் வாய்க்காலில் இந்த வாட்டத்தில் நீர் எளிதில் ஓடாது. வழுவழுப்பான சீமெந்து வாய்க்காலை ஒழுங்காகக் கட்டித் துப்புரவாக வைத்திருந்தால் ஓடும். இதனை அறியாமலே எத்தனை பேர் மண் வாய்க்கால் வெட்டிவிட்டு, விதியை நொந்துகொள்கின்றனர்!

மற்றொரு குறியும் நம்மிடம் உண்டு. 2008 நவம்பரில் 'நிஷா' புயலோடு வந்த வெள்ளத்தையும், 2024 நவம்பரிற் பெய்த பெருமழையையும் கண்டவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். "இந்தப் படிவரை நின்றது" என்று பழைய சுவர்களிற் காட்டுவார்கள். அந்த உயரத்துக்கு உணர்கருவியைப் பிடித்து, அதே மட்டத்தை உங்கள் புதிய அத்திவாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டின் தரை, கிணற்றுக் கட்டு, மலசலகூடத்தின் இருக்கை ஆகிய மூன்றும் அக்குறிக்கு மேலே இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே அழுக்குநீர் விரைவாகக் கிணற்றைச் சேரும் நாடு இது. வெள்ளம் மலக்குழியின் மேலே ஏறி, அங்கிருந்து கிணற்றுக்குள் இறங்கினால், வீட்டுத்தரை உலர்ந்திருப்பதில் ஆறுதல் இல்லை.

முற்றத்தை ஓரடி உயர்த்திக் கிரவல் நிரப்பிவிட்டாற் போதுமே என்பவர்களும் உண்டு. போதும், நீர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அவரும் அடுத்த ஆண்டு ஒன்றரை அடி நிரப்புவார். இரண்டு தலைமுறையாகப் பலகாரத் தட்டு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் இதனாலே பேச்சை முறித்துக்கொண்டதை நான் அறிவேன். ஒரு நாளைக்குக் கருவியை வாடகைக்கு எடுக்கும்போது அயலவரையும் அழையுங்கள். "அண்ணை, உங்கள் வளவிலும் கோலை ஒருக்கால் வையுங்கோ" என்று கேளுங்கள். இரண்டு முற்றங்களின் உயரமும் ஒரே தாளில் எழுதப்பட்ட பின்னர், எல்லை ஓரமாக இருவருக்கும் பொதுவான ஒரு வாய்க்கால் வெட்டுவது பற்றிப் பேசுவது எளிதாகிறது. வீட்டிலிருந்து விலகி, வளவின் ஒரு மூலையைத் தாழ்வாகவே விட்டு, மழைநீர் நிலத்துக்குள் இறங்க இடங்கொடுப்பதும் நல்லது. கோடையில் கிணற்றுக்கு அது வேண்டும்.

எம் வாய்க்காலை உடைத்தோம். கருவியைத் திருத்துவித்து, சுவரிற் சோதித்து, மறுபடியும் மட்டம் பார்த்து, புதிதாகக் கொங்கிறீற் இட்டோம். அவ்வாண்டு கார்த்திகை மழையில் நானும் அந்த மேசனும் குடை பிடித்துக்கொண்டு மேற்கோடியில் நின்றோம். ஒரு பலா இலையை அவர் நீரிற் போட்டார். அது ஓரிடத்திலும் தங்காமல் மறுகோடிக்குப் போய் மதகுக்குள் மறைந்தது. நான் முன்பு சொன்ன சொல்லுக்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். "அதை விடுங்கோ ஐயா" என்றார். இப்போது அவரும் லேசர் கருவியோடுதான் வேலைக்குப் போகிறார். அவருடைய சைக்கிளின் பின்புறத்திலே அந்த ரியூப்பும் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கின்றது.